முப்பத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

5 ஜனவரி 2025, ஞாயிறு. புத்தூர்

ஆசிரியர் சங்கத்தில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். போன வருஷத்து டைரி மார்ச்சோடு நின்றுபோனது. இதுவாவது போகிறவரை போகட்டும்.

பகலெல்லாம் கார்வேட்டிநகரத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தெலுங்கில் கணக்கு நடத்துகிறேன். இங்கே மட்டும் தமிழ். அதில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்டாஃப் ரூம் மேஜைமேல் திறந்து போட்டுவிட்டுப் போனாலும் ஒருவருக்கும் ஓரெழுத்து புரியாது. வீட்டிலும் அதே கதைதான். ஹரிப்ரியாவுக்குப் பன்னிரண்டு, ஹேமநாத்துக்கு எட்டு; இரண்டும் வாய் ஓயாமல் தமிழ் பேசும், படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா பஸ் டிரைவர். ஊர்ப் பெயர் பலகையைத் தெலுங்கில் படித்தே ஓட்டிப் பழகியவர். ஆக, பூட்டு வேண்டாத டைரி. யாரை வேண்டுமானாலும் திட்டலாம்.

இன்று தலைவலி. திட்டக்கூடத் தெம்பில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

நாளை போகி. பரண்மேல் ஏறி, ஓட்டைப் பாய், உடைந்த முறம், பழைய கணக்கு நோட்டுகள் எல்லாவற்றையும் கீழே தள்ளினேன். என் அப்பாவின், நைனாவின், தகரப் பெட்டியும் வந்தது. அதற்குள் கிழிந்த வேட்டிகளுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒன்பது வருஷமாக அதைத் திறக்கவில்லை. ஹேமநாத் திறந்துவிட்டான்.

"அம்மா! இதுல கழுதை கீது!"

'தபால் கழுதை சிங்காரி'. முன்னட்டை உண்டு, பின்னட்டை இல்லை. ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு பக்கம் வரை இருக்கிறது. மீதியில்லை.

கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் பேரும் தம்பி பேரும், நைனாவின் எழுத்தில்: 'தேவயானி, முரளிதரன் இருவருக்கும்.' அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எரிக்கிற குவியலில் போடவா என்று ஹரிப்ரியா கேட்டாள். போட்டால் தோலை உரிப்பேன் என்றேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

13 ஜனவரி, திங்கள்

போகி. பாய் எரிந்தது, முறம் எரிந்தது. சிங்காரி பீரோவில் பத்திரம்.

15 ஜனவரி, புதன்

மத்தியானம் பிள்ளைகள் இரண்டும் விடவில்லை, படித்துக் காட்டு என்று. சரி, ஒரு பக்கம் என்று ஆரம்பித்தேன். பன்னிரண்டு பக்கம் போயிற்று. தொண்டை கட்டிவிட்டது, மனசு மட்டும் இன்னும் படிக்கச் சொன்னது.

எப்பேர்ப்பட்ட புத்தகம் இது! சின்ன வயசில் பிடித்தது என்பதற்காகச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வயசில், இருபது வருஷம் பாடப் புத்தகங்களோடு மாரடித்த பிறகு சொல்கிறேன். யார் எழுதியது என்றுகூடத் தெரியாது. அட்டையில் பேர் இருந்த இடம் அரித்துப் போயிருக்கிறது. அந்த மனுஷனை, இல்லை மனுஷியை, கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பஸ் போகாத மலைக்கிராமம். தபால்காரர் சப்பாணிக்கு ஒரு கால் விளங்காது. அதனால் சிங்காரி என்ற கழுதைதான் வீடு வீடாகப் போகும். அவர் அதன் காதில் விலாசத்தைச் சொல்வார், அது நேராக அந்த வாசலில் போய் நிற்கும். கொடுத்துவிட்டுத் திரும்பாது. அவர்கள் படித்து முடிக்கிறவரை நிற்கும். 'யாராவது அழுதால், அழுகை நிற்கும்வரை சிங்காரி போகாது. அதற்கு அவசரமாக வேறு வேலை ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். 'ஆகவே குழந்தைகளே' என்று ஒரு புத்திமதி கிடையாது! எங்கள் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் போதும்.

அந்த வரியில் ஹேமநாத் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டான். நானும் முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அதே வரியில் நைனாவின் துண்டைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

18 ஜனவரி, சனி

இன்று முப்பத்திரண்டாம் பக்கம்.

விலாசமே இல்லாத ஒரு கடிதம் வருகிறது. உறைமேல் ஒரு மரம் மட்டும் வரைந்திருக்கிறது. சப்பாணி காதில் சொல்ல ஒன்றுமில்லாமல் விழிக்கிறார். சிங்காரி வெகுநேரம் மரத்தைப் பார்க்கிறது. பிறகு நடக்கிறது. கடைசி வீட்டைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, ஆற்றங்கரைக்குப் போகிறது. ஆற்றில் வெள்ளம். அக்கரையில் அந்த மரம். கடைசி வரி: 'சிங்காரி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது.'

"அப்பறம்?" இரண்டும் ஒரே குரலில்.

"அப்பறம் இல்ல. மீதிய கரையான் துன்னுடுச்சு."

வாயில் பொய் எப்படி வழுக்கிக்கொண்டு வந்தது பார். கணக்கு டீச்சர்!

19 ஜனவரி, ஞாயிறு

ஞாபகத்திலிருந்து மீதியைச் சொன்னேன். சிங்காரி வெள்ளத்தில் குதித்தது, நீந்தியது, கடிதத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தது என்று. ஹரிப்ரியா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "இது அந்தக் கழுதையே இல்லம்மா. அது குதிக்கற கழுதையா?"

ஹேமநாத் ஒருபடி மேலே போனான். "நீ காலையில சொன்னப்ப கடுதாசிய முதுகுல கட்டிக்கினு போச்சு. இப்ப பல்லுலன்ற. நீ கதை வுடற."

மாட்டிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அந்தப் பாதியை நான் ஒருநாளும் என் வாயால் படித்ததில்லை. நைனா திருத்தணி மார்க்கெட்டுக்கு வேர்க்கடலை மூட்டை போட்டுக்கொண்டு போனபோது பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கி வந்த புத்தகம் இது. எங்கள் விஜயபுரம் வீட்டில் இருந்த ஒரே தமிழ்ப் புத்தகம். பள்ளியில் தெலுங்குதான், நானும் என் தம்பி முரளியும் 'அ'னா 'ஆ'வன்னா பிடித்ததே இதில்தான். யார் படிப்பது என்று சண்டை வரும். நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பெரியவ முன்பாதி. சின்னவன் பின்பாதி. ஒருத்தர் படிக்கறப்ப இன்னொருத்தர் கேக்கணும்." நான் முப்பத்திரண்டு வரை படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். மீதி எல்லாம் அவன் குரல். திக்கித் திக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிப்பான்.

வார்த்தைகள் போய்விட்டன. குரல் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

24 ஜனவரி, வெள்ளி

அறிவியல் சார் வரவில்லை, அந்தப் பீரியடும் என் தலையில். பின்னம் நடத்திச் சலித்து, ஆறாம் வகுப்புக்குச் சிங்காரி கதையைத் தெலுங்கில் சொன்னேன். முப்பது பிள்ளைகள், மூச்சுச் சத்தம் இல்லை. காலைத் தண்ணீரில் வைத்த இடத்தில் நிறுத்தினேன். 'தருவாத்த, மேடம்? தருவாத்த?' என்று ஒரே கூச்சல். தமிழானால் 'அப்பறம்', தெலுங்கானால் 'தருவாத்த', பிள்ளைகளுக்கு வேண்டியது ஒன்றேதான்.

ஷோபா என்று ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து நின்று சொன்னாள்: அது தண்ணீர் வடிகிறவரை அங்கேயே நிற்கும் மேடம், அதுக்குத்தான் அவசரம் இல்லையே என்று. அசந்துபோனேன். முன்னால் சொன்ன வரியை எடுத்துப் பின்னால் பொருத்துகிறாள்! இதைத்தானே கணக்கில் செய் என்று தலையால் தண்ணீர் குடிக்கிறேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

கரையான் இல்லை. நான்தான் கிழித்தேன்.

நைனா இறந்த அதே மாசம் பாகம் பிரித்தார்கள். பெண்ணுக்கும் சட்டப்படி பங்கு உண்டு, முரளியும் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குழந்தைக்குக் கள்ளம் தெரியாது என்று அப்படி. அன்று அங்கிருந்த நடக்கிற குழந்தை ஹரிப்ரியா ஒருத்திதான், மூன்று வயசு. அவள் எடுத்தாள். கிணற்று நிலம் எனக்கு. மானாவாரி முரளிக்கு.

அவன் பெண்டாட்டி காஞ்சனா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். "அவங்க பொண்ணே எடுத்தா அவங்களுக்குத்தான் வரும். சொல்லிக் கொடுத்து இட்டாந்துகீறாங்க" என்றாள்.

மூணு வயசு கொழந்தைடீ அது! நான் திருடியா? என் கொழந்தை திருடியா? முரளி ஒரு வார்த்தை பேசணுமே. பேசலை. தலைய குனிஞ்சிக்கினு நின்னான். அவ சொன்னதுகூட இல்ல, அவன் நின்ன நிலைதான் என்னை வெட்டிப் போட்டுது.

பாத்திரம் பண்டம் எல்லாம் பிரித்து முடித்தபோது கடைசியாகப் புத்தகம் தரையில் கிடந்தது. கங்கையா பெரியப்பா, "இது யாருக்குப்பா?" என்றார். முரளி அப்போதுதான் வாயைத் திறந்தான். "அக்காவே எடுத்துக்கட்டும்."

பிச்சை போடுகிறான் என்று எனக்குப் பட்டது. நடு மடிப்பில் இரண்டு பின் அடித்த புத்தகம். இழுத்தேன், சரியாகப் பாதியாக வந்தது. பின்பாதியை அவன் காலடியில் எறிந்து, "இந்தா உன் பங்கு. உன் பெண்டாட்டிகிட்ட குடு, எண்ணிப் பாக்கட்டும்" என்றேன்.

அவன் குனிந்து பொறுக்கினான். அதோடு ஒன்பது வருஷம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்று வீட்டில் பூகம்பம்.

சாப்பாட்டில் ஹேமநாத் ஆரம்பித்தான். "நைனா, கரையான் பின்பாதிய மட்டும் எப்படித் துன்னும்? முன்பாதில ஒரு ஓட்டைகூட இல்லையே?" என் வீட்டுக்காரர் சாம்பாரைப் பிசைந்தபடி சாவகாசமாகச் சொன்னார்: "கரையானும் இல்ல ஒண்ணும் இல்ல. மீதி உங்க மாமன் கிட்ட கீது. சூளூர்பேட்டைல."

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும், அது இன்னும் அவன்கிட்ட கீதுன்னு?"

அப்போதுதான் வெளியே வந்தது. இவர் சத்தியவேடு வழியாகச் சூளூர்பேட்டைக்கு பஸ் ஓட்டுகிறார். மோட்டாருக்குக் கம்பி சுற்றி 'காயில்' கட்டுகிற முரளியின் கடை அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கிறார்களாம்!

"ஒம்பது வருஷமா! வாரத்துக்கு ரெண்டு நாளு!"

"மூணு நாளு. டூட்டி மாறினா ரெண்டு."

"இன்னா பேசிக்குவீங்க?"

"ஒண்ணும் பெருசா இல்ல. பசங்களைக் கேப்பான்."

"என்னைப் பத்தி?"

"கேட்டதில்ல. நானா சொல்லிக்கினு இருப்பேன். அவன் கேட்டுக்கினு இருப்பான்."

எனக்கு வந்த கோபத்துக்கு இவரைச் சாம்பார்க் குண்டானில் முக்கியிருப்பேன். துரோகி, கல்லுளிமங்கன் என்று என்னென்னவோ கத்தினேன். இவர் கை கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "நீரடிச்சு நீர் விலகுமா, தேவு? நாளைக்கு ஹரிப்ரியா பெரியவளானா பச்சோலைக் குடிசை கட்ட மாமன் வேணாமா? நீ போயி கூப்பிடுவியா, நான் போயி கூப்பிடறதா?"

மாடிக்குப் போய் காய்ந்த துணியையெல்லாம் திரும்ப மடித்தேன்.

20 பிப்ரவரி, வியாழன்

பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ஹரிப்ரியா நோட்டிலிருந்து தாள் கிழித்து, தெலுங்கில் மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். உறைமேல் என்ன விலாசம் எழுதுவது என்று தெரியாமல் ஹேமநாத் ஒரு கழுதை வரைந்திருக்கிறான். எடுத்துக்கொண்டு போனது? எங்கள் வீட்டுச் சிங்காரிதான், காக்கிச் சட்டை போட்டது.

எனக்கு எப்போது தெரிந்தது என்றால், சாயங்காலம் இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹேமநாத் ஓடிப்போய்க் கேட்டான்: "நைனா, படிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னியா?"

"நின்னேன். டிபன்கூடத் துன்னல."

"மாமா அழுதாரா?"

இவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

நான் சமையலறையில் நின்று கேட்டேன். கத்தவில்லை. கத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

26 பிப்ரவரி, புதன்

சிவராத்திரி. பதில் இல்லை.

2 மார்ச், ஞாயிறு

இல்லை. அவன் ஏன் எழுத வேண்டும்? காலடியில் எறிந்தவள் நான். இருந்தும் இவர் டூட்டி முடிந்து வரும் நேரத்துக்குக் காரணமில்லாமல் வாசல் பெருக்குகிறேன்.

5 மார்ச், புதன்

வந்தது.

கடிதம் இல்லை. புத்தகமே வந்தது. பின்பாதி முழுசும், அசல். காக்கி அட்டை போட்டு, கிழிந்த ஓரம் முழுக்க மெல்லிய தாள் ஒட்டி, மூலை மடங்காமல் வைத்திருக்கிறான். என்னுடைய பாதி ஒன்பது வருஷம் கிழிந்த வேட்டிக்கு அடியில் கிடந்தது. அவனுடைய பாதி இப்படி இருக்கிறது. கையில் வாங்கும்போதே எனக்கு முகம் சுட்டது.

கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. அவன் மகள் ஹரிதாவுடையது, அன்று கைக்குழந்தையாக இருந்தவள். அவளிடம் இருந்தது பின்பாதி மட்டும்தானே! அதனால் முன்பாதியை அவளே எழுதிவிட்டாள். தமிழில்! உருண்டை உருண்டையான எழுத்து. எனக்குப் பிடித்த மாதிரி 'ழ'வுக்கு வாலை நீளமாக இழுத்திருக்கிறாள். முரளிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், நைனா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி அந்தப் பின்பாதியை வைத்தே. டீச்சர் நான். என் பிள்ளைகளுக்கு ஓரெழுத்து தெரியாது. காயில் கட்டுகிறவன் மகள் கதையே எழுதுகிறாள்.

அவள் கதையில் சிங்காரி பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்த கழுதை. அந்த விலாசமில்லாத கடிதத்தை எழுதியது ஒரு பூநாரை. ஏன் விலாசம் இல்லை? 'பூநாரைக்கு ஒரு காலில் நின்றுகொண்டு படம் வரையத்தான் வரும், எழுத வராது' என்று போட்டிருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இந்தக் குசும்பு எங்கிருந்து வந்தது? எங்கள் அம்மா பொன்னியம்மாளிடமிருந்துதான்.

பிள்ளைகள் முப்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரி பிரி என்று குதித்தார்கள். நான் பிரிக்கவில்லை. "இதை நான் படிக்கக் கூடாது. படிக்கறவர் படிக்கணும். அவர்கிட்டயே போவலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

இவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பதினாறாம் தேதி எனக்கு லீவு" என்றார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாராம். கல்லுளிமங்கன்!

15 மார்ச், சனி

இன்று முதல் ஒண்டிபூட்ட பள்ளி, வெயிலுக்காக அரை நாள்தான். மத்தியானம் வந்து நாளைக்கு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். 'முரளி, அன்னிக்கு...' என்று ஆரம்பித்தால் அதற்குமேல் வரவில்லை. மூன்று புடவை எடுத்து மூன்றையும் திரும்ப வைத்தேன். அவன் பேசாமல் இருந்துவிட்டால்? காஞ்சனா மறுபடி ஒன்று சொல்லி, நான் மறுபடி ஒன்று சொல்லிவிட்டால்? பிள்ளைகள் முன்னால்? இன்னொரு தடவை கிழித்தால் அதற்குப் பிறகு ஒட்டத் தாள் இல்லை.

16 மார்ச், ஞாயிறு

இவர் ஓட்டாத பஸ்ஸில் இவரோடு உட்கார்ந்து போவது ஒரு தனித் தொல்லை. வழியெல்லாம் அந்த டிரைவருக்கு கியர் போட்டுக்கொண்டே வந்தார்.

கீழே கடை, மேலே வீடு. முரளி படியில் நின்றிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறான். போன வாரம்தான் பார்த்தவன் மாதிரி, "வாக்கா" என்றான். ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய், "கண்ணாடி எப்ப போட்ட?" என்று கேட்டேன்.

"ஆச்சு நாலு வருஷம். மெல்லிசு கம்பி சுத்தறதுல கண்ணு போயிடுது."

நாலு வருஷமாக இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

காஞ்சனா உள்ளிருந்தே, "வாங்க அண்ணி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எறா வறுவல் வைத்திருந்தாள். எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். பிள்ளைகள் மூன்றும்தான் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஒட்டிக்கொண்டன.

சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்தோம். என் பையிலிருந்து இரண்டு பாதிகளையும் எடுத்து நடுவில் வைத்தேன். ஹரிதா இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கிழிசல் பல்லோடு பல் பொருந்தியது.

"எலி எப்படி இவ்ளோ நேரா கடிச்சுது?" என்றாள்.

"எலியா? கரையான்தானே!" என்றான் ஹேமநாத்.

"எலிதான். எங்க நைனா சொன்னாரு. வீட்ல ஒரு பெரிய எலி, ஒரே கடி, ரெண்டாப் போச்சுன்னு."

"எங்கம்மா கரையான்னு சொன்னாங்களே!"

நான் முரளியைப் பார்த்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக அவன் தன் பிள்ளைக்கு என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. 'உன் அத்தை கிழிச்சா' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாயிருந்தால் ஒன்பதாயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

"எலியும் இல்ல, கரையானும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "நான்தான் கிழிச்சேன். உங்க நைனா, அக்காவே வெச்சுக்கட்டும்னு சொன்னாரு. எனக்குக் கோவம். கிழிச்சு அவரு காலடியில தூக்கிப் போட்டேன்."

மூன்று பிள்ளைகளும் என்னையே பார்த்தன. புத்தகத்தைக் கிழித்தால் முட்டி போட வைக்கிற டீச்சர் நான். ஹரிப்ரியாவின் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் முரளி" என்றேன்.

"நானும் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசி இருக்கணும்க்கா" என்றான் தரையைப் பார்த்து.

காஞ்சனா வாசற்படியில் நின்றாள், அன்று நின்ற மாதிரியே, இடுப்பில் குழந்தை மட்டும் இல்லை. "மொதல்ல வாய விட்டது நான்தான். கொழந்தைய போயி சொன்னேன் பாருங்க" என்று சொல்லி, சட்டென்று ஹரிப்ரியாவின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹரிப்ரியாவுக்கு எதற்கு என்றே தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை.

ஹேமநாத்துக்குப் பொறுமை போயிற்று. "இப்ப படிப்பீங்களா, மாட்டீங்களா?"

படித்தேன். முப்பத்திரண்டு பக்கமும் நிறுத்தாமல். 'சிங்காரி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது.' கண்ணை மூடிக்கொண்டேன். பழக்கம்.

முரளி தொண்டையைச் செருமினான். குரல் கனத்துவிட்டது, இருந்தும் அதே குரல். "குளிர்ந்தது. எடுத்துக்கொண்டது."

எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டோம். எடுத்துக்கொண்டதாம்! பிள்ளைகளிடம் நான் வெள்ளத்தில் குதிக்க வைத்த கழுதை! அது மூன்று நாள் கரையில் நிற்கிறது, புல் மேய்கிறது, தண்ணீர் வடிகிறதா என்று அவ்வப்போது ஒரு காலை வைத்துப் பார்க்கிறது. என் ஆறாம் வகுப்பு ஷோபா சொன்னது அப்படியே சரி. திங்கட்கிழமை அவளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் வெள்ளம் வடிந்ததும் நடந்தே கடக்கிறது; அக்கரையில் மரத்தடியில் ஒரு ஓடக்காரர். கடிதத்தைப் பிரிக்கிறார். முரளி அந்த இடத்தை மெதுவாகப் படித்தான்: "கடிதத்தில் என்ன இருந்தது என்று சிங்காரிக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக அது நிற்கவும் இல்லை. அவர் அழுகிறாரா என்று பார்க்கத்தான் நின்றது."

புத்தகம் கடைசிவரை கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவே இல்லை. என்ன தைரியம் அந்த எழுத்தாளருக்கு! ஓடக்காரர் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வெகுநாளாகக் கவிழ்ந்து கிடந்த ஓடத்தை நிமிர்த்தி, 'ஏறு, திரும்பும்போது நனைய வேண்டாம்' என்கிறார். கழுதை ஓடத்தில் வீட்டுக்குப் போகிறது. இந்த ஓடத்தை நான் எப்படி மறந்தேன்?

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் வழிந்துவிடும். இவர் மட்டும் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. துரோகி.

கிளம்பும்போது முரளி கோணி ஊசியும் நூலும் எடுத்து வந்தான், இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்து என்னிடம் கொடுக்க. ஹரிதா ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். "தெச்சா ஒரு வீட்டுலதான் இருக்கும். அத்தை பாதி எங்ககிட்ட இருக்கட்டும். எங்க பாதி நீங்க எடுத்துக்கினு போங்க. முழுசா படிக்கணும்னா வந்துதானே ஆவணும்!"

கங்கையா பெரியப்பாவுக்கு அன்று இந்த மூளை இருந்திருக்கலாம்.

17 மார்ச், திங்கள்

ஷோபாவிடம் சொன்னேன். 'எனக்குத் தெரியும் மேடம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

30 மார்ச், ஞாயிறு

உகாதி. காஞ்சனா போனில் பேசினாள். எறா வறுவலுக்கு மசாலா என்ன என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னாள். பாதி புரியவில்லை, எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

தினமும் பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளைகள் இரண்டுக்கும் 'அ', 'ஆ'. பின்பாதியை வைத்துத்தான் நடக்கிறது. ஹரிப்ரியா ஓடுகிறாள். ஹேமநாத்துக்கு 'ண'வும் 'ன'வும் தகராறு, ஆனால் விடுகிறவன் இல்லை. ஹரிதாவுக்கு இவனே பதில் எழுத வேண்டுமாம்.

14 ஏப்ரல், திங்கள்

தமிழ் வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து எழுத்தெழுத்தாக ஒரு குரல்.

"இ...ன்...று... த...லை...வ...லி."

பச்சடியைச் சிம்மில் வைக்காமலே ஓடினேன். ஹேமநாத் பாயில் கவிழ்ந்து படுத்து, இந்த டைரியின் முதல் பக்கத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தான். "அம்மா, இது நீ எழுதினதா? கீழ ஏதோ... தி...ட்...ட...ன்னு போட்டுகீது?"

பிடுங்கிக்கொண்டேன். அவனைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன், ஒன்றும் புரியாமல் துடைத்துக்கொண்டான். பச்சடி அடிப்பிடித்துவிட்டது.

இன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்க வேண்டும்.